இளமையும் மூச்சும்



கல்வியின் சிறப்பை என்னினும் வல்லார் பலர் இம்மேடையில் எடுத்துரைத்துவிட்டனர். ஆதலால், கற்ற இளைஞனுக்கு இன்றியமையாத மற்றொரு செல்வமாகிய மூச்சைப் பற்றிச் சில கூற விழைகிறேன்.

நம் இளைஞர் பலர் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு முயல்கின்றனர். எழுத்துத் தேர்வில் வென்ற ஆண்மகனும் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களுக்குள் ஓடியாக வேண்டும். இரவெல்லாம் கண்விழித்துப் படித்தவன் மூன்றாம் சுற்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறான். பயிற்சி போதவில்லை என்கிறான். சட்டைப்பையிலுள்ள பீடிக்கட்டை அவன் ஐயுறுவதில்லை. புகையால் வரும் நோய் அறுபது வயதில்தானே வரும் என்பது அவன் எண்ணம்.

அவ்வெண்ணம் பிழையானது. நுரையீரலின் ஆற்றல் உடல் உயரம் நின்ற பின்னரும், இருபது வயதையொட்டியும் வளர்கிறது. அப்பருவத்தில் புகைப்பவனுக்கு அவ்வளர்ச்சி குன்றுகிறது. எட்ட வேண்டிய உச்சத்தை எட்டாமலே இறக்கம் தொடங்கிவிடுகிறது. மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் நுண்மயிர்கள் உள்ளன. தூசியையும் சளியையும் இடைவிடாது மேலே தள்ளுவது அவற்றின் பணி. புகை அவற்றை முடக்குகிறது, சளி தேங்குகிறது, காலை இருமல் வருகிறது. மேலும், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்கிற்கும் மேலான பற்றுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஓடுபவனுக்கு உயிர்க்காற்று போதாமற் போவதில் வியப்பென்ன?

பீடி வெறும் இலைதானே என்பாரும் உளர். அணையாதிருக்க அதனை அடிக்கடி இழுக்க வேண்டும். ஆதலால் தாரும் நச்சு வாயுவும் சிகரெட்டினும் மிகுதியாகவே உட்செல்கின்றன.

நம் பாட்டன்மார் பசியை மறக்கவும், இரவுக் காவலில் குளிரைத் தாங்கவும் பீடி பிடித்தனர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. பெற்ற கூலி வயிற்றுக்குப் போதாத காலம் அது. ஆனால், இன்று தெருமுனைக் கடையில் சிகரெட்டை ஒவ்வொன்றாகச் சில்லறையில் விற்கிறார்களே, அது யார் நலத்துக்காக? 18 வயது நிறையாதவர்க்கு விற்பதையும், கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. அதனைக் கடைக்காரரிடம் எடுத்துரைக்க நம் சங்கம் தயங்க வேண்டுவதில்லை.

இனி ஒரு நற்செய்தி. பிரிட்டனில் ரிச்சர்டு டால் என்னும் அறிஞரும் குழுவினரும் ஆண் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 2004இல் முடிவை வெளியிட்டனர். புகைத்தோர் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக மாண்டனர். 30 வயதளவில் விட்டவரோ அவ்விழப்பை ஏறக்குறைய முழுவதுமாகத் தவிர்த்தனர். விட்ட ஓரிரு நாட்களிலேயே இரத்தத்திலுள்ள நச்சு வாயு நீங்கும். சில மாதங்களில் இருமலும் இளைப்பும் தணியும். முதல் வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் வாட்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தனியே இயலாதவர் 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

இன்னும் ஒன்று. புகைப்பவரைக் காசநோய் எளிதில் பற்றும். ஓரறை வீட்டில் அது குழந்தைகளையும் தொடரும். இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலைப் பீடி இருமல் என்று தள்ளிவிடாதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியை இலவசமாகவே பரிசோதிக்கிறார்கள்.