துகள் ஒன்றை நிறுக்கும் துலாக்கோல்



எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளை நான்காக வகுத்துக் காண்பது நம் மரபு. நெல்லை முகந்தோம், துணியை நீட்டி அளந்தோம், பொன்னைக் குன்றிமணி இட்டு நிறுத்தோம், ஆநிரையை எண்ணினோம். இந்நான்கனுள் எண்ணலும் எடுத்தலும் ஒரே கருவிக்குள் கைகோத்து நிற்கும் அறிவியற் புதுமை ஒன்றைப் பற்றி இன்று உரைக்க விழைகிறேன். ஒரே ஒரு வைரஸ் துகளைத் தனியே பிடித்து அதன் நிறையைக் காணும் கலை அது.

மூலக்கூறுகளை நிறுக்கும் கருவிக்கு நிறை நிறமாலைமானி என்று பெயர். கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் வழிகாட்ட, ஆஸ்டன் 1919ஆம் ஆண்டில் அதனைச் செப்பமுறச் செய்தார். 1922இல் நோபல் பரிசும் பெற்றார். துகளுக்கு மின்னூட்டம் தந்து அயனியாக்கி, வெற்றிடத்தில் ஓடவிட்டு, அது செல்லும் பாங்கினை நோக்குவதே இதன் நெறி. நெடுங்காலம் சிறிய மூலக்கூறுகளே இத்தட்டில் ஏறின. புரதம் போன்ற பேருருவங்களைச் சிதையாமல் பறக்கச் செய்யும் வழியை, மின்புலத்தில் நுண்துளிகளாகத் தெளிக்கும் முறையால் ஜான் ஃபென் 1980களில் காட்டினார். 2002இல் அவர் ஆற்றிய நோபல் உரையின் தலைப்பே மூலக்கூற்று யானைகளுக்குச் சிறகு தருவதைப் பற்றியது. அறிவியலாரிடமும் கவிதை உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சியது. இக்கருவி நிறையை நேரே காட்டுவதில்லை. நிறையை மின்னூட்டத்தால் வகுத்த ஈவினையே காட்டுகிறது. நூறு நிறையும் பத்து மின்னூட்டமும் உடையது பத்து எனக் காட்டும்; இருநூறும் இருபதும் உடையதும் அதே பத்து எனக் காட்டும். தூய, ஒரே தன்மைத்தான பொருளாயின் அடுத்தடுத்து எழும் முகடுகளை ஒப்பிட்டு மின்னூட்டத்தை உய்த்துணரலாம். பேருருவங்களோ ஒன்றுபோல் ஒன்று இரா. அவற்றின் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெறும் மேடாகிவிடும்.

இதற்குத் தீர்வு, கூட்டத்தை விடுத்துத் தனியொன்றை நோக்குதல். 1995இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் ஃபூர்ஸ்டெனோ, பென்னர் இருவரும் ஓர் அயனியை உலோகக் குழலுக்குள் செலுத்தினர். அயனி உள்ளே நுழைந்ததும் குழலின் சுவரில் அதற்கு ஈடான எதிர் மின்னூட்டம் தூண்டப்படும். அதனை அளந்தால் அயனியின் மின்னூட்டம் புலப்படும். ஒருமுறை கடக்கும்போது எழும் குறிப்பு மிக மெலிது, பிழையும் பெரிது. ஆகவே பின்னர் பென்னர் குழலின் இருபுறமும் மின்புலக் கண்ணாடிகளை நிறுத்தி, அயனியை மீண்டும் மீண்டும் ஓடித் திரும்பச் செய்தார். ஊசலாட்டத்தின் விரைவு மேற்சொன்ன ஈவினைத் தருகிறது; குறிப்பின் உயரம் மின்னூட்டத்தைத் தருகிறது. இரண்டையும் பெருக்கினால் நிறை வந்துவிடும்.

இதில் நுட்பமான இடம் ஒன்றுண்டு. அசையைப் பாதியாக்கி எண்ணுவார் இலர். அதுபோலவே அயனியின் மின்னூட்டம் எப்போதும் முழு எண்ணே. அளவீட்டுப் பிழை ஓரலகில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டால், அண்மையிலுள்ள முழு எண்ணை ஐயமின்றிக் கொள்ளலாம். அக்கணமே அளத்தல் எண்ணலாகிவிடுகிறது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஜாரல்டும் குழுவினரும் பல்லாண்டு உழைத்து இந்நிலையை எய்தினர். 2020இல் பிற ஆய்வாளர்கள் ஆர்பிட்ரேப் என்னும் கருவியிலும் தனித்தனி அயனிகளை இவ்வாறு நிறுத்தறிந்தனர்.

இதனால் யாருக்கு என்ன பயன் என வினவலாம். மரபணு மருத்துவத்தில், ஏஏவி என்னும் சிறு வைரஸின் கூட்டுக்குள் நலம்தரும் மரபணுவை வைத்து உடலுக்குள் அனுப்புகின்றனர். தண்டுவடத் தசைநலிவு நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கான இத்தகைய மருந்து 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 110 இலட்சம் கோடித் துகள்கள் என்பது அதன் அளவு. ஆனால் இவ்வகை மருந்துகளை ஆக்கும்போது எல்லாக் கூடுகளும் நிறைந்து அமைவதில்லை. வெறுங்கூடு ஏறத்தாழ 37 இலட்சம் டால்டன். முழு மரபணு ஏந்தியது ஏறத்தாழ 51 இலட்சம் டால்டன். துண்டான மரபணு சுமந்தவை இடையில் நிற்கும். வெறுங்கூடு நோயைத் தீர்க்காது; ஆயினும் உடலின் எதிர்ப்பாற்றல் அதனையும் பகையென்றே கொள்ளும். குழந்தையின் உடலுக்கு அது வீண்சுமை.

பாதி வெறுமையும் பாதி நிறைவுமான குப்பியின் சராசரி 44 இலட்சம். அந்நிறையுடைய துகள் ஒன்றுகூட அக்குப்பியில் இல்லாமலிருக்கலாம்! சராசரி பொய் சொல்லவில்லை. எனினும் அங்குள்ள எவரையும் அது குறிக்கவில்லை. ஒவ்வொன்றாய் நிறுத்தவனுக்கே வெறுங்கூடு எது, நிறைகூடு எது என்று தெரியும்.

கவிஞர்களே, ஒரு தொகுப்பையோ ஒரு தலைமுறையின் கவிதையையோ ஒட்டுமொத்தமாய் எடைபோடும் திறனாய்வு நம்மிடையே பெருகியுள்ளது. அதுவும் வேண்டியதே. எனினும் சொல்லொன்றைத் தனியே எடுத்து, அது பொருள் சுமந்து வந்ததா, ஓசைக்காக வந்த கூடா எனப் பலமுறை வாசித்து நிறுத்தறியும் பொறுமையும் நமக்கு வேண்டும். வரும் பத்தாண்டில் இவ்வட்டத்தின் திங்கள் கூட்டம் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு, அவ்வண்ணம் ஆராய வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு அமைகிறேன்.