கெடு வைத்த புத்தகம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம பேசப்போவது பிள்ளைகளின் கல்லூரிப் புத்தகத்தைப் பற்றி. "புத்தகத்துக்கும் மகளிர் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நம்ம உள்கடனில் ஒரு பங்கு இப்போ அதற்கும் போகிறது.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் மூத்த மகள் கல்லூரியில் சேர்ந்தாள். "பாடப்புத்தகம் செல்போன்லயே வருதும்மா, பணம் கட்டணும்" என்றாள். இரண்டாயிரம் ரூபாய் உள்கடன் கொடுத்தோம். அம்மா தவணை கட்டி முடிக்கவில்லை, அதற்குள் புத்தகம் திறக்கவில்லை. கேட்டால், "ஆறு மாதத்துக்குத்தான் அனுமதி, கெடு முடிஞ்சுபோச்சு" என்றார்களாம். அடுத்த வருஷம் அதே பாடம் படித்த தங்கைக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

காகிதப் புத்தகம் வாங்கினால் அது நம்ம சொத்து. தங்கைக்குக் கொடுக்கலாம், பாதி விலைக்கு விற்கலாம். மின்புத்தகத்தில் பெரும்பாலும் நாம் வாங்குவது படிக்கும் அனுமதியை மட்டும்தான். நிலத்தைக் கிரயம் பண்ணுவதற்கும் குத்தகைக்கு எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. பலவற்றில் இரவல் கொடுக்க முடியாது, சில பக்கத்துக்கு மேல் அச்சு எடுக்கவும் விடாது.

கெடு இல்லாமல் வாங்கினாலும் நிச்சயம் இல்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2019-ல் தன் மின்புத்தகக் கடையை மூடியது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது, புத்தகங்கள் போய்விட்டன.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பாடப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த கடை மீது 2012-ல் பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2016-ல் டெல்லி உயர்நீதிமன்றம், கல்விக்காக அப்படி நகல் எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு என்று சொன்னது. கையில் காகிதம் இருந்ததால் ஏழைப் பிள்ளைக்கு அந்த வழி இருந்தது. பூட்டுப்போட்ட மின்புத்தகத்தை எந்தக் கடையில் கொண்டுபோய் ஜெராக்ஸ் எடுப்பது?

படிப்புக்குக் கடன் கொடுக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பொண்ணு படிப்புக்குத்தான் முதல் கடன். ஆனால் பணம் கட்டும் முன் பிள்ளையிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. எத்தனை மாதம் திறக்கும்?
2. வேறொருவர் படிக்கலாமா? அச்சு எடுக்கலாமா?
3. கல்லூரி நூலகத்தில் இருக்கிறதா? சீனியர் அக்காக்களிடம் பழைய புத்தகம் கிடைக்குமா?
4. இலவசமாகக் கிடைக்குமா?

கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின்னூலகத்தில் நிறைய நூல்களை இலவசமாகப் படிக்கலாம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் 'ஓப்பன்ஸ்டாக்ஸ்' என்ற பெயரில் கல்லூரிப் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. இறக்கி வைத்துக்கொள்ளலாம், கெடு கிடையாது. ஆங்கிலத்தில் இருக்கும், நம்ம பாடத்திட்டம் அப்படியே இருக்காது. ஆனாலும் துணைக்கு உதவும்.

எங்கள் குழுவில் இப்போது ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறோம். படிப்பு முடித்த பிள்ளைகளின் காகிதப் புத்தகங்களைக் குழு அலமாரியில் வைத்து, அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பது. உங்கள் குழுவிலும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கைக்குக் கை மாறினால் ஒரு புத்தகத்தில் நாலு பொண்ணு படிக்கலாம்.