ஆவாரம்பூவும் என் மாமியாரின் மாத்திரை டப்பாவும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். மைக் பிடித்துப் பேசிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "உங்க குழு ஆவாரம்பூ வியாபாரம் எப்படிப் பண்ணுதுன்னு வந்து சொல்லும்மா" என்று தலைவி அக்கா கூப்பிட்டார்கள். அதைச் சொல்கிறேன். அதோடு, அந்த வியாபாரத்தில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வந்திருக்கிறேன். லாபத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்க எனக்கு மனசு வரவில்லை.

ஆவாரஞ்செடியை நம்மில் தெரியாதவர்கள் யாருமே இல்லை. போகி அன்னைக்கு சாயங்காலம் வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவையும் சேர்த்து வீட்டு முகப்பில் காப்புக் கட்டுகிறோம். சித்திரை வெயிலில் காட்டு வேலைக்குப் போகும்போது அதன் தழையைத் தலையில் வைத்துத் துண்டு கட்டிக்கொள்கிறோம். அந்தக் காலத்தில் இதன் பட்டையை உரித்துத் தோல் பதனிட விற்பார்கள் என்று எங்க அப்பாரு சொல்வார். புளி, துவரை, கொன்றை எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பத்துச் செடிதான் இதுவும். அதனால்தான் அவரைக்காய் போலத் தட்டையாக நெற்று விடுகிறது.

எங்கள் குழுவில் 12 பேர். எல்லாருக்கும் மானாவாரி நிலம்தான். மழை பெய்தால் சோளம், கொள்ளு. பெய்யாவிட்டால் நூறு நாள் வேலை. முதல் வருஷம் ரோட்டோரத்தில் பூ பறித்துக் காயவைத்தோம். காய்ந்த பூவைத் தண்ணீரில் போட்டால் அடியில் மண் படிந்தது. பஸ், லாரிப் புகை பட்ட பூ. சில இடத்தில் களைக்கொல்லி வேறு அடிக்கிறார்கள். இதை நாம குடிப்போமா என்று கேட்டுப் பார்த்தோம். அதோடு ரோட்டோரப் பூவை விட்டுவிட்டு, எங்கள் காட்டு வேலி ஓரத்திலேயே செடி வைத்தோம்.

வளர்க்கிற முறை சுலபம்தான். நெற்று நன்றாகப் பழுத்து, காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்போது பறிக்க வேண்டும். விதையின் தோல் ரொம்பக் கெட்டி. அப்படியே போட்டால் பாதிகூட முளைக்காது. சொரசொரப்பான மணலோடு சேர்த்துக் கையால் தேய்த்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மறுநாள் உப்பியிருக்கும் விதையாகப் பார்த்து எடுத்து, செம்மண்ணும் மணலும் மக்கின சாணி எருவும் கலந்த பையில் இரண்டு இரண்டாகப் போடுங்கள். இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். ஒரு முழ உயரம் வந்ததும், ஆடி ஆவணியில் மழை கிடைத்த பிறகு, ஆறடிக்கு ஒன்றாக நடலாம். வேர் பிடிக்கும் வரை தண்ணீர் ஊற்றினால் போதும். அப்புறம் அது தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் மட்டும் வைக்காதீர்கள், அழுகிப்போகும்.

எங்களுக்கு இரண்டாம் வருஷத்திலிருந்துதான் பறிக்கிற அளவுக்குப் பூ கிடைத்தது. பூ ஓய்ந்ததும் இடுப்பு உயரத்துக்குக் கவாத்து பண்ணினால் புதுக் கிளை விட்டு நிறையப் பூக்கும். மஞ்சள் பட்டாம்பூச்சி முட்டை வைத்துப் பச்சைப் புழு வரும். கையால் எடுத்துப் போடுங்கள். வாயில் போகிற பூவுக்கு மருந்து அடிக்கக் கூடாது.

பூவைக் காலையில் பனி காய்ந்த பிறகு பறிக்க வேண்டும். கிளையை ஒடிக்காமல் மலர்ந்த பூவை மட்டும் கிள்ளணும். எல்லாவற்றையும் மொட்டை அடிக்காமல் தேனீக்கும் விதைக்கும் கொஞ்சம் விட்டு வைக்கணும். வெயிலில் போட்டால் மஞ்சள் போய் வெளுத்துவிடும். நிழலில் வெள்ளைத் துணி விரித்து, ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, தினம் இரண்டு தடவை கிளறிவிட வேண்டும். நாலைந்து நாளில் கையில் எடுத்து நசுக்கினால் நொறுங்கும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும். ஒரு தடவை அவசரப்பட்டு இரண்டு கிலோவைக் குப்பையில் கொட்டினோம். எங்கள் கணக்கில் 5 அல்லது 6 கிலோ பச்சைப் பூவுக்கு ஒரு கிலோ காய்ந்த பூ கிடைக்கும்.

வீட்டில் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்பீர்கள். பச்சைப் பூவின் இதழை ஆய்ந்து, பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், சீரகம், தேங்காய் சேர்த்துக் கூட்டு வைக்கலாம். லேசாகத் துவர்க்கும், சோற்றுக்கு நன்றாக இருக்கும். காய்ந்த பூவோடு பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு சேர்த்து அரைத்தால் குளிக்கிற பொடி. டீ போட, ஒரு டம்ளர் தண்ணீரில் ஐந்தாறு பூ போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டினால் போதும். கசக்குதே என்று கருப்பட்டி போடுவோம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான், அதை மறக்காதீர்கள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

50 கிராம் பாக்கெட் போட்டு வாரச்சந்தையில் விற்றோம். முதல் இரண்டு வாரம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆவாரை பூத்திருக்கிற ஊரில் சாவு ஏது என்று நம் பக்கம் ஒரு பழமொழி உண்டல்லவா? நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "வாங்கக்கா, ஒரு மண்டலம் குடிங்க, சுகர் இருந்த இடம் தெரியாமப் போயிடும்" என்று கூவினேன். கூட்டம் வந்தது. ஒரே சந்தையில் 40 பாக்கெட் போனது. குழுவில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எங்க அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஆறு வருஷமாகச் சர்க்கரை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருகிற தங்கச்சி மாசாமாசம் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகும். சந்தைக்கு அத்தையும் என்கூட வந்து, பின்னால் சாக்கில் உட்கார்ந்து சில்லறை எண்ணித் தருவார்கள். நான் கூவியதை வாராவாரம் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு நாள் விறகு பொறுக்கும்போது அத்தை காலில் வேலமுள் குத்திவிட்டது. முள்ளை எடுத்து மஞ்சள் வைத்தோம். பத்து நாளாகியும் ஆறவில்லை. விரல் கறுத்து, நாற்றம் வந்தபோதுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை 430 இருந்தது. உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 18 நாள் இருந்தோம். இடது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"மாத்திரை ஒழுங்காப் போட்டாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "போட்டாங்க" என்றுதான் நான் சொன்னேன். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்து பரணில் பார்த்தால், பழைய பிஸ்கட் டப்பாவில் மூன்று மாச மாத்திரை அட்டை பிரிக்காமல் அப்படியே இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து, "ஏன் அத்தை இப்படிப் பண்ணுனீங்க?" என்று அழுதுகொண்டே கேட்டேன். அத்தை என்ன சொன்னார்கள் தெரியுமா? "நீதானம்மா சந்தையில எல்லாருக்கும் சொன்னே. ஊருக்கு நல்லது சொல்றவ எனக்குப் பொய்யா சொல்லுவே? அதான் தினம் ரெண்டு வேளை நம்ம பூத் தண்ணியே குடிச்சேன்" என்றார்கள்.

எனக்குப் பதில் வரவில்லை. இப்பவும் வரவில்லை.

அன்னைக்கு ராத்திரி முழுக்க ஒரே யோசனை. என் வீட்டிலேயே எனக்குத் தெரியாமல் இது நடந்திருக்கிறது. சந்தையில் வாங்கிப்போனவர்கள் வீட்டில் என்ன நடக்குதோ? அத்தை வீட்டுக்கு வந்த பிறகு தொடர்ந்து மூன்று சந்தைக்குப் போனேன். விற்பதற்காக இல்லை. வாங்கின முகமாகப் பார்த்துப் பார்த்து, "மாத்திரையை நிறுத்திடாதீங்க, நான் சொன்னது தப்பு" என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருத்தர் திட்டினார். ஆனால் ஒரு பெரியவர், "அடப்பாவி, நான் நிறுத்தி ஒரு மாசம் ஆச்சே" என்றார். அவரை நானே கூட்டிக்கொண்டு போய் ரத்தம் பரிசோதித்து, மறுபடி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டாக்டரம்மாவிடமும், அரசு சித்தா பிரிவு டாக்டரிடமும் கேட்டேன். இரண்டு பேரும் ஒன்றுதான் சொன்னார்கள். ஆவாரை சித்த மருத்துவத்தில் உள்ள மூலிகைதான். எலிகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வில் சர்க்கரை குறைந்தும் இருக்கிறது. ஆனால் மாத்திரை சாப்பிடுகிற மனுஷருக்கு அது மாத்திரைக்குப் பதில் ஆகாது. மாத்திரையோடு இதையும் நிறையக் குடித்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரவும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் குடிப்பதென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுக்கிறவர்களும் கேட்காமல் குடிக்கக் கூடாது.

இன்னொன்று. பெயரை வைத்து ஏமாறாதீர்கள். நிலாவாரை என்று கடையில் விற்பது வேறு செடி, அது பேதிக்குக் கொடுப்பது. பேயாவாரை என்பதும் வேறு. பூ மஞ்சளாக இருப்பதெல்லாம் ஆவாரை ஆகிவிடாது.

சட்டமும் இருக்கிறது அக்கா. சர்க்கரை வியாதியைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். எனக்கு இது தெரியாது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யப் போனபோதுதான் தெரிந்துகொண்டேன். அந்தப் பதிவுக்கு எங்களுக்கு ஆன கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய்தான். பதிவு இல்லாமல் உணவுப் பொருள் விற்கிற குழுக்கள் முதலில் அதைச் செய்யுங்கள்.

இப்போது எங்கள் பாக்கெட்டில் பூவின் பெயர், எடை, காயவைத்த தேதி, பதிவு எண் இருக்கிறது. கீழே பெரிய எழுத்தில், "இது மருந்து அல்ல. மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று போட்டிருக்கிறோம். டவுனில் ஒரு கடைக்காரர், "சர்க்கரைக்குன்னு ஒரு வார்த்தை போடுங்கம்மா, மாசம் 200 பாக்கெட் எடுத்துக்கிறேன்" என்றார். குழுக் கூட்டத்தில் பேசினோம். கடன் தவணை வேறு நிற்கிறது. இரண்டு பேர் போடலாம் என்றார்கள், அவர்கள் கஷ்டம் எனக்குப் புரியும். அப்போது அத்தை செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினார்கள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அந்த ஆர்டர் வேண்டாம் என்று தீர்மான நோட்டில் எழுதிப் 12 பேரும் கையெழுத்துப் போட்டோம்.

விற்பனை பாதியாகக் குறைந்தது உண்மை. இப்போதுதான் மெதுவாக ஏறுகிறது. மணத்துக்காகவும் நிறத்துக்காகவும் வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை.

சகோதரிகளே, நம் கூட்டமைப்பில் முருங்கைப் பொடி, சத்துமாவு, மூலிகை எண்ணெய் என்று எத்தனையோ விற்கிறோம். கடைக்காரர் சொன்னால் ஜனங்கள் பாதிதான் நம்புவார்கள். நாம் சொன்னால் முழுசாக நம்புகிறார்கள், நம்ம வீட்டுப் பிள்ளை என்று. அதனால் நமக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி விற்போம்.

நாற்று வேண்டுமென்றால் எங்கள் குழுவிடம் கேளுங்கள், வேலிக்குப் பத்துச் செடி இலவசமாகத் தருகிறோம். வீட்டில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால், இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அவர்கள் மாத்திரை டப்பாவை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

அத்தை இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதையெல்லாம் மேடையில் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "சொல்லும்மா, நாலு பேர் விரலாவது தப்பிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.