கூடும் என்னும் சொல்லின் அளவு

ஆங்கில உரைநடையில் ‘கூடும்’, ‘ஓரளவு’ எனத் தயங்கும் தொடர்கள் அடக்கத்தின் அழகு எனப்படும். 1951இல் அமெரிக்க உளவறிக்கை ஒன்று, யூகோஸ்லாவியா தாக்கப்படுவதற்குக் ‘கருதத்தக்க வாய்ப்பு’ உண்டு என்றது. எத்தனை விழுக்காடு என வினவியபோது, அறிக்கைக் குழுவின் ஷெர்மன் கென்ட் 65 என்றார். அத்தொடருக்கு இசைந்த உடன்பணியாளரைக் கேட்டாலோ, 20 முதல் 80 வரை! சொற்களுக்கு எண்வரம்பு வகுக்க முனைந்த கென்ட், அதை மறுத்தோரைக் ‘கவிஞர்கள்’ என 1964இல் எழுதினார். இவ்வவை அதனைப் பாராட்டாகக் கொள்ள வேண்டா. 1961இல் கியூபப் படையிறக்கத்திற்கு ‘ஓரளவு நல்ல வாய்ப்பு’ எனப் படைத்துறை அறிக்கை கூறிற்று. எழுதியவர் எண்ணியது தோல்வியே மிகுதி என்று. படித்தவர்கள் கொண்டதோ நம்பிக்கை. கரையிறங்கியோர் ஏறத்தாழ 1,400 பேர். ஆயிரவருக்கு மேல் சிறைப்பட்டனர்.