பெருவழியில் வாடிக்கை



விருத்தாசலம் என்றவுடன் உங்களிற் பலருக்குப் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். தொழில்களைப் பற்றிப் படிப்போருக்குப் பீங்கான் நினைவுக்கு வரும். அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேல்மண்ணை அகற்றும்பொழுது வெண்களிமண் கிடைக்கிறது. அதனை அடிப்படையாகக் கொண்டு மின்சாரத்துக்கான பியூஸ் கட்டைகளும், மின்தடைப் பீங்கான்களும், கொலு பொம்மைகளும் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் இவ்வூரில் வளர்ந்தன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிறுவனம் ஒன்றும் இங்கு உண்டு.

ஆயினும் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் கோயிலும் அன்று, பீங்கானும் அன்று. அப்பீங்கானை ஏற்றிச் செல்லும் லாரி எங்கே நின்று டீசல் போட்டுக்கொள்கிறது, ஏன் அங்கே நிற்கிறது, சென்ற ஆண்டு நின்ற இடத்தில் இவ்வாண்டு ஏன் நிற்பதில்லை என்பதே என் பொருள். வானொலியில் பேசத்தக்க பொருளா இது என்று நீங்கள் வியக்கலாம். நீங்கள் கையில் வைத்திருக்கும் பேனா முதல் விடுதியில் உண்ணும் சோறு வரை எல்லாம் ஏதோ ஒரு லாரியில் வந்தவையே. அந்த லாரியின் செலவில் பெரும்பகுதி எரிபொருட் செலவு. ஆகவே ஓட்டுநர் ஒருவர் எந்தப் பெட்ரோல் பங்க்கின் பக்கம் வண்டியைத் திருப்புகிறார் என்பது நம் எல்லோரையும் தொடுகின்ற செய்தியே.

வழிச்செல்வோர் தங்குமிடத்தின்மேல் பற்றுக் கொள்வது நம் நாட்டில் பழைய வழக்கம். உப்பு வணிகராகிய உமணர் மேடுபள்ளங்களுக்கு அஞ்சி வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்று கட்டிச் சென்றனர் என்பது புறநானூற்றால் தெரிகிறது. சுங்கச் சாவடி உள்ள பெருவழிகளைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. ஆற்றுப்படை என்னும் நூல்வகையே, பயன்பெற்றவன் பயன்பெற வேண்டியவனை இன்ன இடத்துக்குப் போ என்று வழிகாட்டுவதுதான். இன்று லாரி ஓட்டுநர்கள் தேநீர்க் கடையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் ஆற்றுப்படைதான் என்பேன். புலவர்கள் என்னை மன்னிப்பார்களாக.

அமெரிக்காவில் வீட்டையே சக்கரத்தின்மேல் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றும் மக்கள் உண்டு. அவர்கள் நெடுஞ்சாலையோரத்து லாரி நிலையங்களில் எரிபொருள் நிரப்பி, இரவில் அங்கேயே உறங்குவர். நிலையங்கள் அவர்களுக்கு உறுப்பினர் அட்டை தந்து விலையில் சிறிது தள்ளுபடியும் செய்யும். நம் நாட்டில் அத்தகைய உல்லாசப் பயணிகள் மிகக் குறைவு. ஆனால் வண்டியே வீடாக வாழ்பவர்கள் நம்மிடமும் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் புறப்பட்டு வடநாடு வரை சென்று திரும்பும் லாரி ஓட்டுநர்கள்தாம் அவர்கள். முன்னிருக்கைக்குப் பின்னால் உள்ள பலகையே அவர்களுக்குக் கட்டில்.

இவர்களுடைய வாடிக்கை எப்படி மாறியது என்பதை அறிய விலையின் வரலாற்றைச் சிறிது பார்க்கவேண்டும். முன்னாளில் நம் சாலைகளில் பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்னும் அயல்நாட்டுக் கம்பெனிகளின் பலகைகள் விளங்கின. 1974-இல் எஸ்ஸோ அரசுடைமையாகி இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆயிற்று. 1976-இல் பர்மா ஷெல் அரசுடைமையாகிப் பின்னர் பாரத் பெட்ரோலியம் என்று பெயர் பெற்றது. இவற்றோடு இந்தியன் ஆயிலும் சேர்ந்து மூன்று அரசு நிறுவனங்கள். விலையை அரசே நிர்ணயித்தது. ஓர் ஊரில் எந்தப் பலகையின்கீழ் நின்றாலும் விலை ஏறத்தாழ ஒன்றே.

விலை ஒன்றாக இருந்தால் ஓட்டுநர் எதைப் பார்ப்பார்? அளவைப் பார்ப்பார். கடனைப் பார்ப்பார். குளிக்கத் தண்ணீர் உண்டா, வண்டியை நிழலில் நிறுத்தி இரண்டு நாழிகை கண்ணயர முடியுமா, கண்ணயர்ந்தால் தார்ப்பாயும் டீசலும் காணாமற் போகாதிருக்குமா என்று பார்ப்பார். அக்காலத்து வாடிக்கை மனிதரைச் சார்ந்த வாடிக்கை. பங்க் முதலாளியின் பெயர் ஓட்டுநருக்குத் தெரியும். ஓட்டுநரின் மகளுக்கு எப்பொழுது திருமணம் என்பது முதலாளிக்குத் தெரியும்.

இங்கே ஒரு செய்தியை இடையில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வீட்டிலும் பயன்படும். ஒவ்வொரு பங்க்கிலும் அரசு முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலம் ஒன்று இருத்தல் வேண்டும். அளவில் ஐயம் கொண்டால் அதில் ஊற்றிக் காட்டுமாறு நீங்கள் கேட்கலாம். பெட்ரோலில் கலப்படம் உண்டோ என்று பார்க்க வடிதாள் கேட்டுப் பெறலாம். அதில் ஒரு துளி விட்டால் நல்ல பெட்ரோல் கறையின்றி ஆவியாகும். சக்கரத்துக்குக் காற்று, குடிநீர், கழிப்பிடம் ஆகிய மூன்றும் இலவசமாகத் தரப்படவேண்டியவை. கேட்பவர் குறைவு என்பதால் தருபவரும் சில இடங்களில் மறந்துவிடுகிறார்கள்.

2002 ஏப்ரலில் அரசு நிர்ணய விலைமுறை ஏட்டளவில் நீங்கியது. தனியார் நிறுவனங்கள் களத்தில் இறங்கின. ரிலையன்ஸ் நிறுவனம் நெடுஞ்சாலைகளில் அகன்ற முற்றமும் உணவு விடுதியும் கொண்ட நிலையங்களைத் திறந்தது. லாரிகள் அங்கே திரண்டன. பல்லாண்டு பழகிய இடங்களை விட்டு ஓட்டுநர்கள் புதிய இடங்களுக்குச் சென்றனர். அவர்களைக் குறை கூற நான் ஒருப்படேன். சுத்தமான குளியலறையை எவர்தாம் வெறுப்பர்?

ஆனால் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஏறியபோது நிலைமை தலைகீழாயிற்று. அரசு நிறுவனங்கள் நட்டத்தைத் தாங்கி விலையைக் குறைவாகவே வைத்தன. அந்நட்டத்தை ஈடுசெய்ய அரசு உதவியது. தனியாருக்கு அவ்வுதவி இல்லை. லிட்டருக்குச் சில ரூபாய் வேற்றுமை ஏற்பட்டவுடனே, குளியலறைக்காக வந்த லாரிகள் விலைக்காகத் திரும்பிப் போயின. 2008-இல் சுமார் 1400 நிலையங்களையும் அந்நிறுவனம் மூடிற்று. பின்னர் 2010 ஜூனில் பெட்ரோலும், 2014 அக்டோபரில் டீசலும் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்ட பிறகே தனியார் நிலையங்கள் மீண்டும் உயிர்பெற்றன. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாற்றும் முறை வந்தது. 2022-இல் உக்ரைன் போரினால் எண்ணெய் விலை உயர்ந்தபோது பழைய கதையே மறுமுறை நிகழ்ந்தது: தனியார் விலையை உயர்த்தினர் அல்லது விற்பனையைச் சுருக்கினர், அரசு நிறுவனங்களின் பங்க்குகளில் கூட்டம் மிகுந்தது.

வாடிக்கை மாறுவதில் லாரிக்காரர்கள் மட்டுமே வல்லவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 2013 ஜனவரியில், டீசலை மொத்தமாக வாங்குவோருக்குச் சில்லறை விலையைக் காட்டிலும் லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் கூடுதலாக விலை வைக்கப்பட்டது. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று பொருளாதார நூலில் படித்திருப்பீர்கள். இங்கே அது கூடிற்று! நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பணிமனைத் தொட்டியை விட்டுவிட்டு, பேருந்துகளைச் சாலையோரப் பங்க்குகளுக்கு அனுப்பி, லாரிகளோடு லாரியாக வரிசையில் நிறுத்தி டீசல் போட்டுக்கொண்டன. தமிழக அரசே அவ்வாறு செய்யுமாறு பணித்தது. அரசுக் கழகம் செய்தால் அது சிக்கனம். ஓட்டுநர் செய்தால் நன்றி மறத்தலா?

இனி விருத்தாசலத்துக்கு வருவோம். இவ்வூரிலிருந்து கிழக்கே கடலூருக்குச் சென்று, வடக்கே சிறிது தூரம் போனால் புதுச்சேரி எல்லை. பெட்ரோலும் டீசலும் சரக்கு சேவை வரிக்கு உட்படாதவை. மத்திய அரசின் தீர்வை நாடெங்கும் ஒன்று. மாநில வரியோ ஆட்சிக்கு ஆட்சி வேறு. தமிழ்நாட்டில் 2020 மே மாதம் முதல் டீசலுக்கு விலையின்மேல் 11 விழுக்காடும், அதனோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் வரியாக விதிக்கப்பட்டன. புதுச்சேரியின் வரி இதனினும் குறைவு. ஆகவே எல்லைக்கு அப்பால் விலை சில ரூபாய் தாழ்ந்திருக்கிறது. கேரளத்தின் நடுவே உள்ள மாகியிலும் இதே காரணத்தால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன.

விலை குறைவு என்றால் எல்லா லாரிகளும் புதுச்சேரிக்கே போகவேண்டுமன்றோ? போவதில்லை. ஏன் என்பதை ஒரு கணக்கால் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. லிட்டருக்கு 6 ரூபாய் வேற்றுமை. 300 லிட்டர் நிரப்பினால் மிச்சம் 1800 ரூபாய். அதற்காகச் சுற்றிவர வேண்டிய தூரம் போகவர 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 15 லிட்டர் செலவு. லிட்டர் 90 ரூபாய் என்றால் 1350 ரூபாய். கையில் நிற்பது 450 ரூபாய். அதில் டயர் தேய்மானம் போகவேண்டும், இரண்டு மணி நேரத் தாமதம் போகவேண்டும். அவ்வழியே சரக்கோடு செல்பவருக்கு மட்டுமே முழு 1800 ரூபாயும் இலாபம்.

பீங்கான் ஏற்றிய வண்டிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வைக்கோல் வைத்து அடுக்கிய சரக்கு அது. ஒரு குழியில் வண்டி குதித்தால் எத்தனை உடைந்தது என்பது இறக்குமிடத்தில்தான் தெரியும். இவ்வூர்ச் சரக்கை நெடுங்காலமாக ஏற்றும் ஓட்டுநர் ஒருவரிடம், “விலை குறைந்த இடம் தெரிந்தும் ஏன் போவதில்லை?” என்று கேட்டேன். “ஐயா, டீசலில் மிச்சம் பிடித்ததை உடைசலில் கொடுக்கச் சொல்கிறீர்களா? எனக்கு வேண்டியது சமதளமான முற்றம், பள்ளத்தில் இறக்கி ஏற்றாமல் வண்டி உள்ளே போய் வெளியே வரவேண்டும்” என்றார்.

அவரிடமிருந்தே மற்றொன்றும் அறிந்தேன். எங்கே டீசல் போடுவது என்பதை இப்பொழுது அவர் முடிவு செய்வதில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணெய் நிறுவனங்கள் லாரி உரிமையாளர்களுக்கு அட்டைகள் வழங்குகின்றன. பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃப்ளீட், இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ரா பவர், இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் டிரைவ் டிராக் என்பன அவற்றுட் சில. உரிமையாளர் ஊரில் இருந்தபடியே பணம் கட்டுவார். ஓட்டுநர் அட்டையைக் காட்டி நிரப்புவார். எங்கே, எப்பொழுது, எத்தனை லிட்டர் என்பது உடனே உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். இதனால் வழியில் பணம் பறிபோகும் அச்சம் ஒழிந்தது, பொய்க்கணக்கும் குறைந்தது. இவை நன்மைகளே. ஆனால் நிறுவனம் தரும் பரிசுப் புள்ளிகளும் தள்ளுபடியும் பெரும்பாலும் அட்டைக்கு உரியவரைச் சேர்கின்றன. இரவெல்லாம் கண்விழித்தவரைச் சேர்வது அருமை. வாடிக்கை ஓட்டுநரின் கையிலிருந்து உரிமையாளரின் மேசைக்குப் போய்விட்டது. விலையேற்றத்தைக் காட்டிலும் பெரிய மாறுதல் இதுவே என்று நான் கருதுகிறேன்.

சாலையும் தன் பங்குக்கு வாடிக்கையை மாற்றியது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நான்கு வழியாக அகன்றபோது நடுவில் தடுப்பு எழுந்தது. எதிர்ப்பக்கத்துப் பங்க் கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கெட்டாததாயிற்று. புறவழிச்சாலை வந்த ஊர்களில் கடைத்தெருவை ஒட்டியிருந்த பழைய பங்க்குகளின் பக்கம் நெடுந்தூர லாரிகள் வருவதே நின்றது.

கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சின்னசேலம் செல்லும் சாலை, வேப்பூரில் அந்நெடுஞ்சாலையைக் கடக்கிறது. நான் மேலே சொன்ன ஓட்டுநர் முதலாளியின் அட்டை செல்லும் நிலையத்தில் தொட்டியை நிரப்பிக்கொள்கிறார். அங்கே அவர் உறங்குவதில்லை. வேப்பூரைத் தாண்டி நாற்பது கிலோமீட்டர் வண்டியை ஓட்டிச் சென்று, தம் தந்தையார் காலத்திலிருந்து பழகிய வேறொரு பங்க்கின் முற்றத்தில் நிறுத்துகிறார். அங்கே அவர் வாங்குவது ஒரு குவளைத் தேநீர் மட்டுமே. ஒரு லிட்டர் டீசல்கூட வாங்காத வண்டிக்கு இடம் தருவது ஏன் என்று அந்தப் பங்க் முதலாளியை வினவினேன். “பத்து லாரி நின்றால் இருட்டில் எவனும் உள்ளே வரமாட்டான், ஐயா. காவற்காரன் சம்பளம் எனக்கு மிச்சம்” என்றார் அவர். அவருடைய விற்பனை இப்பொழுது சுற்றுக் கிராமங்களின் டிராக்டர்களாலும் இருசக்கர வண்டிகளாலும் நடைபெறுகிறது.