மூளைக்காயமும் உயிரிரக்கமும்



கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட குடியினரும் விபத்தில் தலை அடிபட்டால் மருத்துவமனையையே நாடுகின்றனர். அங்குள்ள மருத்துவ அறிவின் பின்னே விலங்குகளின் துயரமும் நிற்கின்றது.

தலை விரைந்து சுழலும்போது மூளையின் வெண்பொருளிலுள்ள நரம்பிழைகள் இழுபட்டுச் சிதைகின்றன. எலியின் மூளை சிறியது, மடிப்பற்றது, வெண்பொருளும் குறைந்தது. மனித மூளையோ மடிப்புகள் நிறைந்தது. ஆதலின் பன்றி, செம்மறியாடு முதலிய பெருவிலங்குகள் ஆய்வுக்கூடம் புகுந்தன.

1984-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த தலைக்காய ஆய்வின் ஒளிப்பதிவுகளை விலங்குரிமை இயக்கத்தார் கைப்பற்றி வெளிக்கொணர்ந்தனர். பபூன் குரங்குகள் பட்ட துன்பத்தை உலகம் கண்டது. மறு ஆண்டே அரசு நிதியை நிறுத்தியது.

ஆய்வாளர் கூற்றையும் கேட்டல் முறை. எலிகளிடம் நற்பயன் காட்டிய புரோஜெஸ்டிரோன், 2014-இல் வெளியான இரு பெரும் ஆய்வுகளில் மனிதர்க்குப் பயன்படவில்லை. எனவே இடைப்படியாகப் பெருவிலங்குச் சோதனை வேண்டும் என்பது அவர்தம் வாதம்.

1959-இல் ரஸ்ஸல், பர்ச் எனும் அறிஞர் இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர்: விலங்குக்கு மாற்றுத் தேடுக, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க. இன்று கணினி மாதிரிகளும் நோயாளரின் மூளைப் படங்களும் முதல் நெறிக்குத் துணை நிற்கின்றன. எனினும் விலங்கின் இடத்தை அவை முற்றும் நிரப்பவில்லை.

இல்லறத்தார்க்கு எளிதில் இயல்வது ஒன்றுண்டு. தலைக்கவசம் அணிந்து வண்டி ஓட்டுபவர் தம் தலையைக் காக்கின்றார். அக்காயத்திற்கு மருந்து தேடும் தேவையையும் தம்மளவில் குறைக்கின்றார். அதுவும் உயிரிரக்கமே.