சி.ஆர்.பி. சொன்னதும் சொல்லாததும்



"உன் தொழிலைப் பற்றி நாலு வார்த்தை பேசுப்பா" என்றார் செயலாளர். ரத்தப் பரிசோதனைக் கருவிகளைப் பராமரிப்பது என் தொழில். ஆகவே கொஞ்சம் ரத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் கல்லீரல் ஒரு புரதத்தை ரத்தத்தில் கொட்டுகிறது. பெயர் சி-ரியாக்டிவ் புரோட்டீன். 1930-இல் நியூயார்க் ராக்பெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளிடம் கண்டது. அதை அளப்பது நம்ம ஆப்டிக்ஸ் லேப் சமாசாரம்தான். எதிர்ப்புரதம் பூசிய பொடி லேடெக்ஸ் மணிகளைச் சீரத்தில் கலந்தால் அவை கொத்துக்கொத்தாக ஒட்டும், திரவம் கலங்கும். ஒளியைச் செலுத்திக் கலங்கலை அளக்கிறோம்.

மூன்று வருஷத்துக்கு முன் என் அப்பாவுக்குப் பக்கவாதம். மூளை ரத்தக்குழாயில் அடைப்பு. அந்த நேரத்தில் முதல் தேவை சி.ஆர்.பி. இல்லை, சி.டி. ஸ்கேன், கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நல்லவேளை, போய்ச் சேர்ந்துவிட்டோம்.

இரண்டாம் நாள் சி.ஆர்.பி. 9. நாலாம் நாள் 86. பக்கவாதமே அதை ஏற்றும் என்று படித்திருந்தேன். "மூளை வீங்குது சார், மறுபடி ஸ்கேன் எடுங்க" என்று டாக்டரிடம் குதித்தேன். அவர் அப்பாவின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துக்கொண்டே கேட்டார்: "வாய்வழியா ஏதாச்சும் குடுத்தீங்களா?"

கொடுத்திருந்தேன். விழுங்கும் சோதனை முடியும்வரை எதுவும் கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார். அப்பா கெஞ்சினார். இரண்டு ஸ்பூன் காபி. தொண்டை சரியாக வேலை செய்யாதபோது அது நுரையீரலுக்கும் போகும். எக்ஸ்ரேயில் வலப்பக்கம் நிமோனியா. காபியால்தான் என்று சொல்ல முடியாது, பக்கவாத நோயாளிகளுக்குச் சாதாரணமாகவே வருவது என்றார் டாக்டர். பெரிய மனசு.

புகை வருகிறது என்று சி.ஆர்.பி. சொல்லும், எந்த அறையில் என்று சொல்லாது. ஆயிரம் தடவை கேலிபரேட் செய்த எனக்கே அது அன்றுதான் உறைத்தது.

ஆன்டிபயாடிக் பிடித்ததும் 86 நாற்பதானது, பிறகு இருபது. மூலகாரணம் அடங்கினால் சுமார் 19 மணிக்கு ஒருமுறை பாதியாகும் புரதம் அது. தினமும் அந்தக் கோட்டை வரைந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். காபியை அவரே கலந்துகொள்கிறார்.